கிளறிற்றா பக்கத்துச் சில்லு

"இஞ்சரும், நீர் எத்தினை கிலோ?"

கிறிஸ்துராஜா இப்படிக் கேட்டபோது கிளறிற்றா இடியப்பத்தைத் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேறு வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போன பிறகு, ஒரு வியாழக்கிழமைக் காலையில் கட்டின மனுசன் வந்து எடையைக் கேட்டால் ஒருத்தி என்னதான் நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏன், விக்கப் போறியளோ?"

"பகிடி விடாமல் சொல்லும். ஸ்பிரிங் மாத்தப் போறனெல்லே. ரெண்டு பேரும் ஏறி இருந்தால் கார் எவ்வளவு பதியும் எண்டு பாத்துத்தான் எது சரி எண்டு எடுக்கவேணுமாம். சண்முகம் கேட்டவன்."

கிளறிற்றா இடியப்பத்தைப் பார்த்தபடியே, "ஐம்பத்தெட்டு" என்றாள்.

டொக்டரின் அறையில் கிடக்கும் தராசு சொன்னது அறுபத்தொன்பது. நடுவில் இருந்த பதினொரு கிலோவை அவள் ஏன் விழுங்கினாள் என்று சொல்வதென்றால், முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கிறிஸ்துராஜாவுக்கு வாகனம் இரண்டு. கிழமை நாட்களில் ஓடுவது வெள்ளை வான். தமிழ்க் கடைகளின் குளிர்பெட்டிகள் பழுதானால் அதில்தான் போய்த் திருத்துவார். மற்றது பச்சை மஸ்டா. இரண்டே இரண்டு இருக்கை. கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிப் பெரிய காரே ஓடியவர், லண்டனுக்கு வந்து பிள்ளைகள் போன பிறகு இதை வாங்கினார். இல்ஃபோர்ட்டில் அவர்களுடைய வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிழமை முழுவதும் தூங்கும். சனி ஞாயிறுதான் கண் விழிக்கும். மாதா கோயிலில் அவளோடு பூ வைக்கும் நிர்மலா இதை வைத்தே கிளறிற்றாவைச் சீண்டுவாள். "உங்கட அவர் சின்னவீட்டைப் போர்வை போத்தியெல்லே படுக்க வைக்கிறார். உங்களுக்கு எப்பவாவது போத்திவிட்டவரோ?"

அந்த வருஷம் வைகாசியில் ஊரில் சண்டை முடிந்த பிறகு தமிழ் வீடுகளில் பேச்சுக் குறைந்திருந்தது. எந்த வருஷம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்துராஜாவின் தங்கை அஞ்சலீனா, புருசன் பிள்ளைகளோடு முகாமில் முள்வேலிக்குள் இருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கிறிஸ்துராஜா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். கேட்டால் ஓம் என்றார், இல்லை என்றார். வீட்டுக்குள் ஒரு குளிர்பெட்டி நின்று உறுமுவது போல அவருடைய மௌனம் எந்நேரமும் உறுமிக்கொண்டே நின்றது. காரின் தார்ப்பாய் மேல் இலைகள் விழுந்து அழுகின.

ஆடியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து கிளறிற்றாதான் அந்தத் தார்ப்பாயை இழுத்தாள். "வாங்கோ, எங்கையாவது போவம்" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கூரையை மடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்கள். சதுப்பு நிலத்துக்கு மேலே ரோட்டு நீண்டு நீண்டு கிடந்தது. காற்று காதை அடைத்தது. அந்தக் காற்றுக்குள் அவர் கதைக்கத் தொடங்கினார். முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாதவற்றை ரோட்டைப் பார்த்துச் சொன்னார். தங்கை சின்ன வயதில் மாம்பழத்தை ஒளித்து வைத்துப் புழு வந்த கதை, ஜெர்மனியில் முதல் பனியில் சறுக்கி விழுந்த கதை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தன. கிளறிற்றா "பிறகு?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்கக் கேட்க அவர் கார் ஓடினார், கதைத்தார். வீடு வந்து கதவைத் திறந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குப் புருசன் இருந்தது அந்தக் காரின் பக்கத்து இருக்கையில்தான்.

அந்த இருக்கைக்கும் ஒரு சங்கடம் வந்தது. கிளறிற்றா வேலை செய்வது பள்ளிக்கூடச் சமையலறையில். நின்றே ஆகவேண்டிய வேலை. இடது முழங்கால் கொஞ்ச நாளாக மடங்கினால் நிமிர மறுத்தது. காரோ ஏற்கெனவே பதிந்த கார். ஏறுவதில் பிரச்சினை இல்லை: சேலையை ஒதுக்கிப் பிடித்து, முதலில் உடம்பைப் போட்டுவிட்டுக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கலாம். இறங்குவதுதான் பாடு. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தாள். கார் நின்றதும் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். அவர் இறங்கி அங்காலே போனதும், கதவுச் சட்டத்தைப் பிடித்து, மாதாவைக் கூப்பிட்டு, ஒரு மூச்சில் எழும்புவாள். கைப்பைக்குள் இவ்வளவு நேரம் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் புரட்டாசியில் ஒருநாள் ஜன்னலால் காரைப் பார்த்துக்கொண்டு நின்ற கிறிஸ்துராஜா, "கொஞ்சம் பதிச்சால் வடிவாயிருக்கும், என்ன?" என்றார்.

வீட்டுக்குள் நின்றே சொன்னார். வைகாசிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. சில்லுக்கும் அதற்கு மேலே வளைந்த மட்காட்டுக்கும் இடையில் ஒரு முஷ்டி போகும் அளவுக்கு வெளி இருந்தது. அந்த வெளி மூடவேண்டும், கார் நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து போகவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, கண்ணில் மெல்லிய வெளிச்சம் ஏறியது. இதைப் போய் எவள் வேண்டாம் என்பாள்? முழங்கால் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆசையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பழையபடி உறுமத் தொடங்கிவிடுவார். சொல்லாவிட்டால் கார் பதியும், அவளால் எழும்ப முடியாது, இருக்கை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நின்ற மனுசியிடம் எடையும் கேட்டால், இருப்பதையெல்லாம் சொல்லி, "பாரம் கூட, நீர் வீட்டில நில்லும்" என்று அவர் சொல்லக் கேட்கவா? அதுதான் ஐம்பத்தெட்டு.

வெள்ளி பின்னேரம் சண்முகராசா இரண்டு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து சமையலறை மேசையில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் நிறுத்தினார். ஜெர்மனியில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்த காலத்துச் சிநேகிதர். ஃபாரஸ்ட் கேட்டில் றெயில் பாலத்து வளைவுக்குக் கீழே கராஜ் வைத்திருக்கிறார்.

"பார் மச்சான். இந்த உயரமானது கலியாணம் கட்டினவனுக்கு. மற்றக் கட்டை, கட்டாதவனுக்கு."

"ரெண்டுக்கும் அப்பிடி என்ன வித்தியாசம், சண்முகண்ணை?" என்றாள் கிளறிற்றா.

"ரெண்டு விரல் தான், தங்கச்சி. உயரமானதைப் போட்டால் கார் ஒரு விரல் பதியும், ஒருத்தருக்கும் தெரியாது. கட்டையைப் போட்டால் மூண்டு விரல். ரோட்டில போறவன் எல்லாம் திரும்பிப் பாப்பான். ஆனால் பாரம் சரியா இருக்கவேணும். கூடினால் ரோட்டில வேகத்தைக் குறைக்கப் போட்ட ஹம்புக்கு மேல ஏறி இறங்கேக்க சில்லு மட்காட்டில உரசும்."

கிறிஸ்துராஜா கட்டையைக் கையில் எடுத்து, நகத்தால் தட்டி, அது எழுப்பின ஒலியைக் காதோரம் வைத்துக் கேட்டார். பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பது போல. கிளறிற்றா இரண்டு ஸ்பிரிங்குக்கும் இடையில் இருந்த அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். அவளுடைய முழங்காலின் தலையெழுத்து அதற்குள்தான் இருந்தது.

"நாளைக்குக் கட்டையை முதல் பூட்டிப் பாப்பம். நீயும் வா தங்கச்சி, இருத்திப் பாத்தால் காணும்."

"எனக்குக் கோயிலில பூ வைக்கிற முறை."

"பரவாயில்லை. ஜெர்மன்காரன் மண் மூட்டை வைச்சுப் பாக்கிறவன். எனக்குப் பக்கத்து வளைவில அரிசி ஸ்டோர் இருக்கு. நீ எத்தினை கிலோவோ அத்தினை கிலோ அரிசி. பிறகு அதே அரிசியைத் திருப்பிக் குடுத்திடலாம்."

"அதை வாங்கிச் சமைக்கிற ஆக்களிட்ட என்ர பேரைச் சொல்லாதையுங்கோ" என்றாள் கிளறிற்றா. சண்முகராசா சிரித்தார். கிறிஸ்துராஜா ஸ்பிரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது புகார் இறங்கி, பனிமூட்டத்தில் எதிர் வீடே தெரியவில்லை. கோயிலில் பீடத்துக்கு வெள்ளைச் சாமந்தி அடுக்கிக்கொண்டு நின்ற நேரம் முழுக்கக் கிளறிற்றாவுக்குக் கை ஓடவில்லை. நிர்மலா இரண்டு முறை பூவைப் பிடுங்கித் திருத்தி வைத்தாள். "நீங்கள் போங்கோ அக்கா, மாதாவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு பூ நிக்குது" என்று கலைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்கென்று ஃபாரஸ்ட் கேட் சந்திக்கு நடந்தாள். வெயில் புகாருக்குள் பால் போலக் கரைந்துகொண்டிருந்தது. சிக்னலில் கார்கள் நின்றன. நடுவில் ஒரு பச்சை நிறம் மற்றக் கார்களின் கதவுப் பிடிக்குக் கீழே கிடந்தது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகுதான் அது தங்களுடைய கார் என்று கண்டாள். அந்தப் புகாருக்குள் அது சில்லில் நிற்பது போலவே இல்லை. குளத்தில் தோணி கிடப்பது போலக் கிடந்தது. கூரை மடிக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துராஜா ஓட்டும் பக்கம் இருந்தார். பக்கத்து இருக்கையில் இரண்டு பெரிய அரிசி மூட்டை, மேலே ஒரு சின்ன மூட்டை, அதற்கு மேலே மாப் பைகள். எல்லாவற்றையும் சேர்த்து பெல்ட் போட்டிருந்தார். சரிந்துவிடாமல் இருக்கத் தன்னுடைய மப்ளரையும் சுற்றிக் கட்டியிருந்தார்.

அவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

கிளறிற்றா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். போனில் இல்லை. பாட்டும் பாடவில்லை. கண் முன்னால் ரோட்டில் இருக்க, வாய் அசைந்தது. ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு எழும்பி எதையோ விளக்கியது. சிரித்தது போலவும் இருந்தது. சிக்னல் மாறியது. கார் சத்தமில்லாமல் வழுக்கிப் புகாருக்குள் போய்விட்டது. அரிசி மூட்டை அவரோடு போனது. அவள் நடைபாதையில் நின்றாள்.

இந்த வயதில் அரிசி மூட்டையைப் பார்த்து எரிச்சல் வரும் என்று அவள் நினைத்திருப்பாளா? வந்தது. அது பஞ்சி அலுப்பில்லாமல் ஏறிவிட்டது, அதை இறக்க ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு முழங்கால் இல்லை. அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. றெயில் பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மூட்டைகளை இறக்கி முடித்திருந்தார்கள். கிறிஸ்துராஜாவின் முகம் குளித்துவிட்டு வந்த முகம் போல இருந்தது.

"வந்திட்டீரே! கட்டைதான். முடிவு செய்திட்டன். ரோட்டு உள்ளங்காலில தெரியுது."

"அவசரப்படாதை மச்சான்" என்றார் சண்முகராசா. "அரிசி வேற, ஆள் வேற. அரிசி மூச்சு விடாது. தங்கச்சியை இருத்தி ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வா."

கிளறிற்றா சேலையை ஒதுக்கினாள். உடம்பைப் போட்டாள். அது விழுந்து விழுந்து எங்கேயோ அடியில் போய் நின்றது. கால்களை உள்ளே எடுத்தபோது, இனி இதிலிருந்து தன்னை எடுக்கக் கடவுள்தான் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தினாள்.

பாலம் தாண்டி முதல் ஹம்ப் வந்தது. கார் ஏறியது, இறங்கியது. கிளறிற்றா பக்கத்துச் சில்லில் இருந்து கர்ர் என்று ஒரு சத்தம்.

"என்ன அது?" என்றார் கிறிஸ்துராஜா. "முதல் வரேல்லையே."

இரண்டாவது ஹம்பை ஊர்ந்துதான் கடந்தார். கர்ர். மூன்றாவதிலும் அதே. வான்ஸ்டட் ஃப்ளாட்ஸ் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார். வீடுகள் முடிந்து, பெரிய புல்வெளி தொடங்கி, புகாருக்குள் எல்லையில்லாமல் கிடந்தது. தூரத்தில் யாரோ பந்து விளையாடினார்கள். ஆட்கள் தெரியவில்லை, பந்து மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து எழும்பி எழும்பி விழுந்தது.

அவர் இறங்கிச் சுற்றி வந்து சில்லைப் பார்த்தார். குனிந்து விரலை விட்டார். விரல் போகவில்லை.

"ஐம்பத்தெட்டுக்கு அளந்துதானே வைச்சனாங்கள். சண்முகத்தின்ர தராசு பிழையோ?"

கிளறிற்றா கைப்பையைத் திறந்தாள். மூடினாள்.

"தராசு சரி. நான்தான் பிழை. அறுபத்தொன்பது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தம் வர நேரம் எடுத்தது. வந்தபோது புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் தலையைத் தூக்கின. அவர் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளறிற்றாவுக்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எவ்வளவு காலம்.

"பதினொரு கிலோ. எங்கயப்பா ஒளிச்சு வைச்சிருந்தனீர்? சரி, இறங்கும். ஆள் இல்லாமல் எவ்வளவு எழும்புது எண்டு பாப்பம்."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"இறங்க ஏலாது. முழங்கால். இந்தக் கார் இப்பிடி இருக்கேக்க மட்டுமில்லை, முந்தியும் கஷ்டம்தான். நீங்கள் அங்கால போன பிறகுதான் இறங்கிறனான்."

சிரிப்பு நின்றது. அவர் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினார். கார் அவ்வளவு பதிந்திருந்ததால் குந்தியிருந்த அவருடைய முகமும் இருக்கையில் இருந்த அவளுடைய முகமும் ஒரே உயரத்தில் நின்றன. இப்படி நேருக்கு நேர் அவர்கள் பார்த்துக் கனநாள்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் ஸ்பிரிங்கை விட்டிடுவியள். விட்டால் பழையபடி வாயை மூடிக்கொண்டு திரிவியள். சொல்லாட்டி நான் இதில ஏற ஏலாது. எனக்கு இந்த இருக்கை வேணும். வீட்டில நீங்கள் என்னோட கதைக்கிறேல்லை. அரிசி மூட்டையோட கதைக்கிறியள். கண்டனான், சந்தியில."

கிறிஸ்துராஜா புல்லைப் பிடுங்கினார். காது சிவந்துவிட்டது.

"என்ன சொன்னனீங்கள் அதுக்கு?"

பந்து இரண்டு முறை எழும்பி விழுந்தது.

"செவ்வாய்க்கிழமை மன்னாரிலயிருந்து ஃபாதர் போன் எடுத்தவர்" என்றார். "அஞ்சலீனாவையள முகாமால வெளிய விடப்போகினமாம். பேர் வந்திட்டுதாம். வீட்டில வைச்சுச் சொல்லப் பயமாயிருந்தது. சொல்லிப்போட்டு, பிறகு இல்லையெண்டால் உம்மட முகத்தை எப்பிடிப் பாக்கிறது? அதுதான் முதல் சும்மா ஒருக்கா சொல்லிப் பாத்தனான். எப்பிடி வருது எண்டு."

"எப்பிடி வந்தது?"

"நல்லாத்தான் வந்தது. ஆனால் அது 'பிறகு?' எண்டு கேக்கேல்லை."

கிளறிற்றாவின் கண் நிறைந்தது. துடைக்காமலே, "பிறகு?" என்றாள்.

அவர் சொன்னார். முகத்தைப் பார்த்தே சொன்னார். எந்தப் பிள்ளை இளைத்துவிட்டது, எந்தப் பிள்ளை இப்போதும் மாமாவைக் கேட்கிறது, வெளியே வந்தால் யாருடைய வீட்டில் முதலில் இருப்பார்கள். புகார் மெல்ல மேலே போய், புல்லின் நுனிகள் மினுங்கத் தொடங்கின. அவருக்குக் குந்தியிருந்து கால் விறைத்துப் போயிருக்கவேண்டும். மாறி மாறி ஊன்றினார், எழும்பவில்லை.

போன் அடித்தது. சண்முகராசா.

"எங்க மச்சான் நிக்கிறாய்? எப்பிடி இருக்கு?"

"உரசுது."

"அரிசிக்கு உரசேல்லையே?"

"அரிசி உண்மை சொன்னது" என்றார் கிறிஸ்துராஜா. கிளறிற்றா அவருடைய தோளில் ஒன்று போட்டாள். "மற்றதை எடுத்து வை, சண்முகம். கலியாணம் கட்டினவன்ர."

"அப்ப திருப்பிக் கழட்டிப் பூட்டவேணும். என்ர சனிக்கிழமை துலைஞ்சுது."

"பின்னேரம் கிளறிற்றா உனக்குச் சோறு குடுப்பா. அரிசிதான் கிடக்கே."

போனை வைத்ததும் கிளறிற்றா, "உங்களுக்கு விருப்பமானது கட்டையெல்லே" என்றாள். "நான் சமாளிப்பன். நீங்கள் வந்து கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டால் காணும்."

"தூக்கிவிடுறது எப்பிடியும் தூக்கிவிடத்தான் வேணும். அந்தக் கைப்பையைத் திறந்து மூடினது காணும். அது சரி, உரசிக்கொண்டு ஓடேக்க என்னத்தைக் கதைக்கிறது? ஒரு விரல் காணும் எனக்கு."

ஒருத்தருக்கும் தெரியாத ஒரு விரல். அவருக்கு மட்டும் தெரியும், இனி அவளுக்கும்.

அவர் எழும்பிச் சுற்றிப் போய் ஸ்டியரிங்கில் இருந்தார். கராஜ் பக்கம் திருப்பப் போனவரைக் கிளறிற்றா கையில் தொட்டு நிறுத்தினாள்.

"இந்தப் புல்வெளியைச் சுத்திப் போற ரோட்டில ஹம்ப் இருக்கே?"

"இல்லை."

"அப்ப ஒருக்கா சுத்துங்கோ. பின்னேரம் கழட்டிப்போடுவார். சந்தியில பாக்க வடிவாயிருந்தது. எனக்கு உள்ளுக்க இருந்து பாக்கவேணும்."

கார் புறப்பட்டது. இவ்வளவு பதிவில் இருந்து பார்க்க, புல் அவளுடைய தோளுக்குச் சரியாக ஓடியது. மேலே கிளைகள் பிரிந்து பிரிந்து வழிவிட்டன. வெயிலும் புகாரும் கலந்து முகத்தில் வந்து ஈரமாய் மோதின. காருக்குச் சில்லு இருப்பதே மறந்துபோய்விட்டது. அவள் கையை வெளியே நீட்டி, ரோட்டைத் தொட்டுவிடலாம் போல விரல்களை விரித்தாள்.

கிறிஸ்துராஜா ரோட்டைப் பார்த்துக்கொண்டு, தங்கையின் மூத்தவனுக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பிழையாகப் பார்த்தார். கிளறிற்றா திருத்தினாள்.